அறிவுசார் சொத்துரிமையில் எல்.எல்.எம்.: சேர்வதற்கு முன்பிருந்து டிசர்டேஷன் வரை முழு வழிகாட்டி

எல்.எல்.பி. கடைசி வருடத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: ஐபி (அறிவுசார் சொத்து) எடுத்து எல்.எல்.எம். பண்ணலாமா, எங்கே சேரலாம், சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது? ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. நீளமாகத்தான் இருக்கும், நிதானமாகப் படியுங்கள்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐபி சட்டத்தைப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது. ஒருவர் போட்ட விண்ணப்பம், அதற்கு அலுவலகம் எழுப்பிய ஆட்சேபணை, அதற்கு வக்கீல் எழுதிய பதில், கடைசியில் கன்ட்ரோலர் என்ற அலுவலக அதிகாரி போட்ட ஆர்டர், இந்தக் காகிதங்களுக்குள்தான் இந்தச் சட்டம் நடக்கிறது. இன்றைக்கு அவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே காசு செலவில்லாமல் பார்க்கலாம். அப்படியிருந்தும் ஒரு விண்ணப்பக் கோப்பைக்கூடத் திறந்து பார்க்காமல் எல்.எல்.எம். முடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமான விஷயம். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கோப்புகளை நோக்கி உங்களைத் தள்ளுவதற்காகத்தான்.

1. முதலில் உங்கள் இளங்கலைப் பட்டத்தைப் பாருங்கள்

சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு பலர் உடைந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. பேட்டன்ட் (காப்புரிமை) ஏஜென்ட் ஆக வேண்டுமென்றால் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம் வேண்டும். சட்டத்தில் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கினாலும் இந்தக் குறையை அது ஈடுகட்டாது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. படித்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி. படித்தவருக்கு அந்தக் குறிப்பிட்ட கதவு மூடியிருக்கிறது.

பி.ஏ. எல்.எல்.பி. படித்தவர்கள் இதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. வக்கீலாகப் பதிவு செய்தவர் டிரேட்மார்க் அலுவலகத்தில் தாராளமாக ஆஜராகலாம். காப்பிரைட், டிசைன், புவிசார் குறியீடு எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது, பேட்டன்ட் வழக்குகளை நீதிமன்றத்தில் வாதாடுவதற்கும் தடையில்லை. பேட்டன்ட் விண்ணப்பத்தைத் தயாரித்து அலுவலகத்தில் தாக்கல் செய்து நடத்தும் தொழில் மட்டும்தான் உங்களுக்கு அடைபட்டிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு உங்கள் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

அதேபோல, பொறியியல் முடித்தவர்கள் எடுத்த எடுப்பில் எல்.எல்.எம். சேர முடியாது, முதலில் எல்.எல்.பி. வேண்டும். ஐஐடி காரக்பூரில் இருக்கும் ராஜீவ்காந்தி அறிவுசார் சொத்துச் சட்டப் பள்ளி, தொழில்நுட்பப் பின்னணி உள்ளவர்களுக்காகவே மூன்று வருட எல்.எல்.பி. நடத்துகிறது. அந்த வழியில் போகிறவர்கள் அதையும் பாருங்கள்.

2. எங்கே படிப்பது

தமிழ்நாட்டிலேயே படிக்க நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அங்கே அறிவுசார் சொத்துச் சட்டம் தனிக் கிளையாகவே இருக்கிறது, படிப்பு இரண்டு வருடம். பக்கத்தில் கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐபிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆராய்ச்சி நோக்கம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். அப்புறம் ஐஐடி காரக்பூர், அதோடு ஜோத்பூர், ஐதராபாத் என்று தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறது, ஆனால் எந்த ஆண்டு எந்தச் சிறப்புப் பிரிவு ஓடுகிறது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஒரு வருட எல்.எல்.எம்.தான். ஒரு வருடத்தில் முடிந்துவிடுகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள்: அந்த ஒரு வருடத்துக்குள் அரசியலமைப்பு, ஆராய்ச்சி முறையியல் மாதிரி கட்டாயப் பாடங்கள், ஐபி பாடங்கள், டிசர்டேஷன் (ஆய்வேடு) எல்லாம் வந்தாக வேண்டும். ஏற்கெனவே ஐபியில் கொஞ்சம் கால் வைத்தவர்களுக்கு, இரண்டு வருடம் ஒரு ஆபீஸில் டிரேட்மார்க் வேலை பார்த்தவர்களுக்கு, ஒரு வருடம் போதும். ஐபியை எல்.எல்.பி.யில் ஒரே ஒரு பேப்பராகப் படித்துப் பாஸ் பண்ணியதோடு சரி என்பவர்களுக்கு இரண்டு வருடப் படிப்புதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். பேராசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரப்போகும் எல்.எல்.எம். அதற்குச் செல்லுபடியாகுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால், ஒரு வருடப் படிப்பை நிறுத்த பார் கவுன்சில் 2020-இல் கொண்டுவந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்க்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, எல்லோரும் பார்க்கத்தான் செய்வார்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். ஐபி பாடத்தை நிரந்தர ஆசிரியர் எடுக்கிறாரா, அவர் கடைசியாக எழுதிய கட்டுரை எதைப் பற்றியது? எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா மாதிரியான தீர்ப்புத் தேடல் தளங்களை விடுதியிலிருந்தே பயன்படுத்த முடியுமா? போன வருட மாணவர்களின் டிசர்டேஷன் தலைப்புகளைக் காட்டுவார்களா? மூன்றாவதற்கு வரும் பதிலை வைத்தே அந்தத் துறை எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

3. நுழைவுத் தேர்வு

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. கிளாட் முதுகலைத் தேர்வில் 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். தீர்ப்புகளிலிருந்து நீளமான பத்திகளைக் கொடுத்து அதன்மேல் கேட்பார்கள். அரசியலமைப்புச் சட்டம்தான் பிரதானம். ஐபியில் நீங்கள் புலியாக இருந்தாலும் இங்கே அது பெரிதாகக் கைகொடுக்காது. சமீபத்திய அரசியலமைப்புத் தீர்ப்புகளை முழுசாகப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும். கொச்சின், காரக்பூர் மாதிரி இடங்களுக்குத் தனி வழிமுறை உண்டு, தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வகுப்பு தொடங்கும் முன்பு சட்டங்களை அப்படியே படியுங்கள்

அட்மிஷன் கிடைத்ததற்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். உரையோ விளக்கமோ இல்லாத பேர் ஆக்ட் வாங்கி, கையில் பென்சிலோடு உட்காருங்கள். பலரும் பேட்டன்ட்டில் ஆரம்பித்துக் களைத்துப்போகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், ஏனென்றால் அதில் வரும் சண்டைகள் எல்லாம் மளிகைக் கடையில் பார்க்கும் பொருட்கள்மேல்தான். நூடுல்ஸ் மசாலாவுக்கு ‘மேஜிக்’ என்ற சொல்லை ஒரு கம்பெனி மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஐடிசியும் நெஸ்லேவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிய வழக்கில், பொருளைப் புகழும் பொதுச்சொல்லுக்குத் தனியுரிமை கிடையாது என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. அந்த ஒரு தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் பதிவு செய்ய முடியாது என்று சொல்லும் 9-ஆவது பிரிவைப் படித்தால் அது மனதில் நிற்கும்.

அடுத்தது 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டம், அதோடு சேர்த்து 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம். இந்த இரண்டையும் பிரித்துப் படிக்காதீர்கள். காப்பிரைட் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒரு வேடிக்கையான எல்லைக்கோடு போடுகிறது: டிசைனாகப் பதிவு செய்யத் தகுதியுள்ள ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்து உற்பத்தி செய்தால், அந்த டிசைனில் காப்பிரைட் போய்விடும். ஒரு சேலை டிசைனரை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு அவர் ஆயுள்காலமும் அதற்குப் பிறகு 60 வருடமும் பாதுகாப்பு எதிர்பார்க்கிறார், அதையே துணியில் பதித்து விற்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஓவியம் எங்கே முடிகிறது, டிசைன் எங்கே தொடங்குகிறது? 2025 ஏப்ரலில் க்ரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்டச் சோதனை ஒன்றை வகுத்திருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே படித்துவிடுங்கள்.

பிறகு பேட்டன்ட். அதன்பின் புவிசார் குறியீடு. கடைசியாகப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. இதைப் பல மாணவர்கள் தொடுவதே இல்லை. விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு இருக்கும் உரிமையை 39-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை பிராண்டு போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான் வரம்பு. எஃப்எல் 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்துக்காக பெப்சிகோ 2019-இல் குஜராத் விவசாயிகள்மேல் வழக்குப் போட்டது, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு வாபஸ் வாங்கியது, 2021-இல் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது, 2024-இல் டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அந்த ரத்தை மாற்றியது. ஒரு சட்டத்தின் முழு இயக்கத்தையும் ஒரே கிழங்கில் பார்த்துவிடலாம்.

5. ஒரு வழக்கை அடிமுதல் நுனிவரை படியுங்கள்

வகுப்பில் வாரத்துக்குப் பத்து வழக்குப் பெயர்கள் காதில் விழும். எல்லாவற்றையும் முழுசாகப் படிக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் முதல் செமஸ்டருக்குள் ஒரே ஒரு வழக்கை வேர்வரை தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். என் சிபாரிசு, நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கு. எல்லோரும் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சுருக்கத்தைப் படித்துவிட்டு ‘3(டி), எவர்கிரீனிங், முடிந்தது’ என்று பேப்பரில் எழுதிவிட்டுப் போகிறார்கள். (தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, செயல்திறன் கூடாவிட்டால், காப்புரிமை கிடையாது என்பதுதான் 3(டி); பழைய மருந்தைச் சிறிது மாற்றிக் காப்புரிமையை நீட்டிக்கொண்டே போவதுதான் எவர்கிரீனிங்.) வழக்கின் ஆரம்பம் சென்னையில் இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து, அதில் இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவம். அதற்கான விண்ணப்பம் 1998 ஜூலையில் சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் தாக்கலானது, எண் 1602/எம்ஏஎஸ்/1998. நடுவில் இருக்கும் மூன்றெழுத்து மெட்ராஸைக் குறிக்கிறது. அப்போது மருந்துக்குப் பொருள் காப்புரிமை இந்தியாவில் கிடையாது, அதனால் விண்ணப்பம் ‘மெயில்பாக்ஸ்’ என்ற ஏற்பாட்டில் காத்திருந்தது. 2005-இல் சட்டம் மாறியதும் எடுத்தார்கள். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உள்நாட்டு மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்து மனுப் போட்டன. 2006 ஜனவரியில் உதவி கன்ட்ரோலர் நிராகரித்தார். 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2007-இல் தோற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2009-இல், புதுமையும் கண்டுபிடிப்புத் தன்மையும் இருக்கிறது, ஆனாலும் 3(டி) தடுக்கிறது என்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதையை முடித்தது.

இப்போது வேலையைத் தொடங்குங்கள். ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்: இந்தப் படிக வடிவம் ஏற்கெனவே தெரிந்த பொருளா? கூடுதல் ‘எஃபிகசி’ என்றால் என்ன? உடலில் மருந்து சேரும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்று கம்பெனி சொன்னதை ஒவ்வொரு அமைப்பும் எப்படி எடுத்துக்கொண்டது? மருந்து விஷயத்தில் எஃபிகசி என்றால் நோயைக் குணமாக்கும் திறன்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; அதிகமாக உடலில் சேருவதாலேயே குணமாக்கும் திறன் கூடிவிட்டதாக ஆகாது, அதைத் தரவுகளோடு காட்ட வேண்டும் என்றும் சொன்னது. புதுமை இருக்கிறது என்று மேல்முறையீட்டு வாரியம் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு ஒரே மாதிரி ‘நிராகரிப்பு’ என்று முடிந்தாலும் காரணம் ஒவ்வொரு படியிலும் வேறு. இந்த வேறுபாடு உங்கள் கண்ணில் பட்டுவிட்டால் அதன்பிறகு எந்தத் தீர்ப்பையும் நீங்கள் பழையபடி படிக்க மாட்டீர்கள்.

அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையைப் பற்றி விரிவாகப் பேசியிருப்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1970 சட்டத்துக்கு அடித்தளமே அந்த அறிக்கைதான். இந்தியா போன்ற நாட்டுக்கு உணவிலும் மருந்திலும் எப்படிப்பட்ட காப்புரிமை வேண்டும் என்று அவர் வாதம் கட்டும் விதத்தைப் படித்துப் பாருங்கள். எனக்கு அது மரியாதை கலந்த பிரியம் உள்ள ஆவணம், இணையத்திலேயே கிடைக்கிறது.

6. பதிவேட்டைத் திறந்து பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பேட்டன்ட் அலுவலகத்தின் தளத்தில் இன்பாஸ் என்ற தேடல் வசதி இருக்கிறது. ஒரு சொல்லையோ கம்பெனிப் பெயரையோ கொடுத்துத் தேடி, நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தை எடுங்கள். மென்பொருள் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்ற 3(கே) ஆட்சேபணை அதில் அநேகமாக இருக்கும். அந்த விண்ணப்பத்தின் நிலையைத் திறந்தால் ஆவணங்களின் பட்டியல் வரும். முழு விவரக்குறிப்பை இறக்கி, நேராகக் கடைசிப் பக்கங்களில் உள்ள கிளெய்ம்களுக்கு, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகளுக்கு, போங்கள். முதல் கிளெய்மைத் தாளில் எழுதி, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனி வரியாகப் பிரியுங்கள்: இன்ன சாதனம், அதில் இன்ன பாகம், அது இன்ன வேலை செய்கிறது. பிறகு முதல் பரிசோதனை அறிக்கையைத் திறந்து, அலுவலர் எந்த வரியில் கை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அடுத்தது ஏஜென்ட் எழுதிய பதில். அவர் வாதாடியிருக்கிறாரா, கிளெய்மையே சுருக்கிக்கொண்டாரா? கடைசியாக கன்ட்ரோலரின் ஆர்டர். நாலு ஆவணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாதம் ஒன்று என்று இதைச் செய்தால், அறிவியல் பட்டம் இல்லாதவர்களுக்கும் கிளெய்ம் படிக்க வந்துவிடும்.

கிளெய்மில் உள்ள ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பஜாஜ், டிவிஎஸ் வழக்கைப் பாருங்கள். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக், அதுதான் பஜாஜின் பேட்டன்ட். டிவிஎஸ் ஃபிளேம் வண்டியிலும் இரண்டு பிளக், ஆனால் வால்வு மூன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2008-இல் தடை போட்டார், 2009-இல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகளைத் தினமும் விசாரித்து நாலு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சொன்னது. வால்வு எத்தனை என்பது கிளெய்மில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டு தீர்ப்புகளையும் படியுங்கள்.

அடுத்தது புவிசார் குறியீடு. நாட்டுக்கே ஒரே பதிவகம், அது கிண்டியில் இருக்கிறது. மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலை மிட்டாய், திண்டுக்கல் பூட்டு, பவானி ஜமக்காளம், உங்கள் ஊர்ப் பொருள் எதுவோ அதன் விண்ணப்பத்தைத் தளத்தில் எடுத்துப் படியுங்கள். பொருளின் விவரம், எந்தப் பகுதி என்று வரைபடம், அந்த ஊரோடு உள்ள தொடர்புக்குச் சான்று, செய்முறை, தனித்தன்மை, தரத்தைப் பரிசோதிக்கும் அமைப்பு என்று தலைப்புகள் இருக்கும். இரண்டு இடங்களில் கவனமாக நில்லுங்கள். ஒன்று, விண்ணப்பித்தது யார்: சங்கமா, அரசுத் துறையா, கோவில் நிர்வாகமா? இரண்டு, பதிவேட்டின் பி பகுதி. ஏ பகுதியில் குறியீடு பதிவாகும்; அதைச் சட்டப்படி பயன்படுத்தும் உற்பத்தியாளர்கள் 17-ஆவது பிரிவின்கீழ் தனித்தனியாக பி பகுதியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்தித்தாளில் ‘புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று கொண்டாடப்பட்ட பொருளுக்கு பி பகுதியில் எத்தனை பெயர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில்தான் நெசவாளிக்கும் மிட்டாய் போடுகிறவருக்கும் சட்டம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும்.

7. கோர்ட்டில் போய் உட்காருங்கள்

மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதும் அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஐபிக்கென்று தனிப் பிரிவு 2023-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மட்டுமில்லாமல் கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா விண்ணப்பங்களையும் சென்னை பேட்டன்ட் அலுவலகம்தான் கையாளுகிறது என்பதால், அதன் நிராகரிப்புகள்மீது மேல்முறையீடுகள் இங்கே வந்து குவிகின்றன. 3(டி), 3(கே), சிகிச்சை முறைகளுக்குக் காப்புரிமை மறுக்கும் 3(ஐ) எல்லாவற்றிலும் சமீப ஆண்டுகளில் முக்கியமான தீர்ப்புகள் இங்கிருந்து வந்திருக்கின்றன. சென்னையில் படிக்கிறீர்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலம் காஸ் லிஸ்ட்டை (மறுநாள் வழக்குப் பட்டியலை) பாருங்கள், அந்த வழக்கின் கோப்பை இன்பாஸில் படித்துவிட்டு, மறுநாள் கல்லூரி அடையாள அட்டையோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். படித்துவிட்டுப் போவதுதான் முக்கியம். படிக்காமல் போனால் அரை மணி நேரத்தில் தூக்கம் வரும்.

8. ஆங்கிலம் பயமாக இருந்தால்

தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் எல்.எல்.எம். வகுப்பில் முதல் சில மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அறிவுக்குறை ஒன்றும் கிடையாது, வாக்கியத்தின் நீளம்தான் மிரட்டுகிறது. ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பின் சம்பவங்களை முதலில் தமிழில், உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்: யார், யார்மேல், எதற்காக, என்ன கேட்டார். புரிந்தது உறுதியான பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். சட்டத்தின் சொற்களை மட்டும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். ஒரு செமஸ்டர் விடாமல் செய்தால் தேர்வுத்தாளும் தானாகத் தெளிவாகும். நீளமான, சுற்றி வளைக்கிற ஆங்கிலம்தான் நல்ல சட்ட எழுத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

9. டிசர்டேஷன்

பெரும்பாலான டிசர்டேஷன்கள் தலைப்பிலேயே தோற்றுவிடுகின்றன. ‘செயற்கை நுண்ணறிவும் காப்பிரைட்டும்: ஒரு விமர்சன ஆய்வு’ என்று வைத்தால் உலகத்தையே எழுத வேண்டும், கடைசியில் இணையத்தில் இருப்பதையே திருப்பி எழுதுவீர்கள். அதே ஆர்வத்தைச் சுருக்குங்கள். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-இல் ஓபன்ஏஐமீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், பயிற்சிக்காக நகலெடுத்து வைப்பது காப்பிரைட் சட்டம் 52-ஆவது பிரிவின் விதிவிலக்குகளில் எதற்குள்ளாவது வருமா? இப்படி ஒரே கேள்வி. இதோடு ஒப்பிட, டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கு இருக்கிறது. பாடத்தொகுப்புகளை நகலெடுப்பது கல்விக்கான விதிவிலக்கில் வரும் என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

என் மனசு சாய்வது நம் கைக்கு எட்டும் தரவு உள்ள தலைப்புகள் பக்கம். சில யோசனைகள் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் புவிசார் குறியீடுகளில் மூன்றை எடுத்து, பி பகுதியில் பதிந்தவர்கள் யார், பதியாதவர்கள் ஏன் பதியவில்லை என்று ஊருக்குப் போய்ப் பேசி எழுதலாம். பழனி பஞ்சாமிர்தத்தின் பதிவு கோவில் நிர்வாகத்தின் பெயரில் இருக்கும்போது அடிவாரத்துத் தனியார் கடைகளின் சட்ட நிலை என்ன என்று பார்க்கலாம். 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்த ராயல்டி உரிமை, அதற்கு முன்பு போட்ட சினிமா ஒப்பந்தங்களுக்குப் பொருந்துமா என்பது தமிழ்த் திரையுலகில் இன்னும் சூடு ஆறாத கேள்வி. சித்த மருத்துவச் சுவடிகள் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றைத் தடுக்க அவை எப்படிப் பயன்படுகின்றன என்பதைத் தமிழ் தெரிந்த சட்ட மாணவரைவிட யார் நன்றாக எழுத முடியும்?

நேர்காணல் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் கேள்வித்தாளைக் கைடிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு வருடப் படிப்பென்றால் களப்பணியை மிகச் சிறியதாக வையுங்கள், இல்லையேல் நேரம் போதாது. ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தில் அதே தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோளை எடுக்கும்போதே அடிக்குறிப்பையும் எழுதிவிடுங்கள், கடைசி வாரம் தேடினால் கிடைக்காது. 2018 யுஜிசி விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். சொற்களை மாற்றிப் போட்டு மென்பொருளை ஏமாற்றுவதில் செலவிடும் நேரத்தில் சொந்தமாகவே நாலு பக்கம் எழுதிவிடலாம்.

10. வெளிநாடு போக நினைத்தால்

மியூனிக்கில் இருக்கும் எம்ஐபிஎல்சி என்ற ஐபி சட்ட மையம், லண்டன் குயின் மேரி, அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன், நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்க்ளின் பியர்ஸ் ஆகியவை ஐபிக்குப் பெயர்பெற்றவை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு டுரின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பும் உண்டு. கடன் வாங்கிப் போவதென்றால், திரும்பி வந்து இந்தியாவில் தொழில் செய்யப்போகிறீர்களா, அங்கேயே இருக்கப்போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கே ஒரு வருடம் படித்த சட்டம் இங்கே உடனே சோறு போடாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டிஎல்-101 என்ற இலவச இணையப் படிப்பு இருக்கிறது, எல்.எல்.பி. படிக்கும்போதே முடித்துவிடுங்கள், விண்ணப்பத்தில் ஆர்வத்தைக் காட்டவும் உதவும்.

11. படிப்பு முடிகிற நேரத்தில்

அறிவியல் பட்டம் இருப்பவர்கள் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வை எல்.எல்.எம். காலத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு எழுத்துத் தாள், பிறகு வைவா. முதல் தாள் சட்டமும் விதிகளும். இரண்டாவது தாளில் விவரக்குறிப்பும் கிளெய்மும் எழுத வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தேர்வு குறிப்பிட்ட இடைவெளியில் வரும் என்று நம்பிக் காத்திருக்காமல், அறிவிப்பு எப்போது வந்தாலும் எழுதத் தயாராக இருங்கள்.

ஆசிரியர் பணி என்றால் 55 சதவீதம் குறையாமல் எல்.எல்.எம்., அதோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. நெட் சட்டத் தாளில் ஐபி ஒரு அலகு மட்டும்தான், மற்றதையும் மறந்துவிடாதீர்கள்.

சட்ட அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலோடு இரண்டு பக்க எழுத்து மாதிரி ஒன்றை இணையுங்கள். உண்மையான ஒரு டிரேட்மார்க் பரிசோதனை அறிக்கையைத் தளத்திலிருந்து எடுத்து, நீங்கள் வக்கீலாக இருந்தால் அதற்கு என்ன பதில் எழுதியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். விண்ணப்ப எண்ணை மேலே போட்டுவிடுங்கள். நேர்காணலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களிடம் கேள்வி கேட்பார்கள், அப்போது பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.